நேரா போகணும், அவ்வளவுதான்

பேய் என்றால் நள்ளிரவு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், கரண்ட் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். இது முழுக்க முழுக்க வெயிலில் நடந்தது. பாதி ஒரு மெக்கானிக் ஷெட்டில், பாதி நல்ல தார் ரோட்டில். சம்பந்தப்பட்டவர்கள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள், ஒருவரைத் தவிர.

ஷெட்டுக்குச் சொந்தக்காரரை ஊரில் ‘நேர்கோடு’ என்பார்கள். எப்பேர்ப்பட்ட கோணல் வண்டியும் அவர் கை பட்டு வெளியே வந்தால் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு மாதிரி ஓடும். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் மூக்கைச் சிந்தலாம் என்று கிண்டல் செய்வார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

அவரோடு வேலை பார்த்தவன் அவர் மனைவியின் தம்பி. பட்டப்பெயர் ‘வானொலி’. ஷெட்டைத் திறக்கும்போது வாயைத் திறந்தால் பூட்டுப் போடும்போதுதான் மூடுவான். நடுவில் பாட்டு உண்டு, செய்தி உண்டு, வானிலை அறிக்கையும் உண்டு.

சில மாதங்களுக்கு முன் டெஸ்ட் டிரைவ் போனவன், ஒரு வேனை மதில் சுவரில் கொண்டுபோய்ச் சொருகித் தோள்பட்டையை உடைத்துக்கொண்டான். வீட்டில் அவன் மனைவி முழுகாமல் இருந்தாள். அக்காக்காரி தன் புருஷனைச் சமையலறை வாசலில் நிறுத்திவிட்டாள்.

“இனிமே என் தம்பி எந்த வண்டியையும் ஓட்டிப் பார்க்கக் கூடாது. அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்.”

“ஏறலை.”

“ஏறலைன்னா என்ன அர்த்தம்?”

“அவன் ஓட்ட மாட்டான்னு அர்த்தம். சோத்தைப் போடு.”

வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் அந்த வாக்கில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அது அப்போது இருவர் கண்ணிலும் படவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த வண்டி வந்தது. கரும்பச்சைக் கார். நீண்ட மூக்கு, உருண்டை விளக்குகள். அறுபது வருஷத்துப் பழசு என்று பார்த்தவுடனே தெரியும். பழைய வண்டிகளைக் கண்டால் நேர்கோட்டுக்கு மாமியார் வீட்டு விருந்து மாதிரி. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஓட்டி வந்தது டீச்சரம்மா. ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். எழுபதை ஒட்டிய வயது. கசங்காத உடை, சீவின முடியில் ஒரு மயிர் பிசகாது. வானொலியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

“நீ கடைசி பெஞ்ச்தானே?”

“ஆமா டீச்சர்.”

“வாய் இன்னும் மூடலையா?”

“நான் மூடத்தான் பார்க்கிறேன் டீச்சர். அது ஒத்துழைக்க மாட்டேங்குது.”

டீச்சர் சிரிக்கவில்லை. நேர்கோட்டைப் பார்த்தார்.

“வண்டி அலையுது. நேரா போகணும், அவ்வளவுதான்.”

“எந்தப் பக்கம் இழுக்குது டீச்சர்?”

“இடது பக்கம்.”

“எப்பவுமேவா?”

கொஞ்சம் யோசித்தார். “முக்கியமான நேரத்துல.”

எது முக்கியமான நேரம் என்று நேர்கோடு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டீச்சரிடம் குறுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாத ஊர்.

“முன்னாடி யாராவது பார்த்தாங்களா?”

“மூணு பேர் பார்த்தாங்க. மூணு பேருமே சரியாயிடுச்சுன்னுதான் சொன்னாங்க.”

“சார் வச்சிருந்த வண்டியா?”

“வண்டி என்னோடது. அவருக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்துல உட்கார்ந்து வழி மட்டும் சொல்லுவார். இப்படிப் போ, அப்படிப் போன்னு. தெரிஞ்ச ரோட்டுக்குக்கூட.”

சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார். அவர் கணவர் இறந்து ரொம்ப வருஷமாகிறது என்பது நேர்கோட்டுக்குத் தெரியும். நேர்கோடு இந்த ஊருக்கு வந்து கடை போடுவதற்கு முந்திய சமாச்சாரம். எப்படி என்று தெரியாது; ஊரில் யாரும் அதைப் பேசியதில்லை.

வண்டியை ஷெட்டுக்குள் ஏற்றும்போது வானொலி இடது பக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். நேர்கோடு இறங்கினார். அவன் இறங்கவில்லை. உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டினான்.

“மாமா, உள்ள கைப்பிடி இல்ல. கண்ணாடி இறக்குற பிடியும் இல்ல. திறந்து விடுங்க.”

“பேசிக்கிட்டே இரு. சாயந்தரம் திறந்து விடுறேன்.”

“மாமா, மூச்சு முட்டுது மாமா.”

சிரித்துக்கொண்டே வெளியிலிருந்து திறந்துவிட்டார். பிறகு பழக்க தோஷத்தில் அந்தக் கதவைக் குனிந்து பார்த்தார். கைப்பிடி இருந்த இடத்தில் திருகுத் துளைகள் சுத்தமாக இருந்தன. பிய்ந்துபோன அடையாளம் இல்லை. யாரோ நிதானமாகத் திருகிக் கழற்றியிருக்கிறார்கள்.

வலது பக்கக் கண்ணாடி மட்டும் நன்றாக எண்ணெய் போடப்பட்டு, அடிவரை இறங்கியிருந்தது.

டீச்சருக்கு போன் போட்டார். “இடது கதவுக்கு உள் கைப்பிடி ஒண்ணு போட்டுடவா டீச்சர்? நம்மகிட்டயே கிடக்குது.”

“வேண்டாம். ஸ்டியரிங் மட்டும் பாருங்க.”

வேண்டாமென்றால் வேண்டாம். நமக்கென்ன.

அன்று மதியம் தனியாக ஓட்டிப் பார்த்தார். குடிகாரனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போவது மாதிரி இருந்தது. நிமிர்த்தினால் சாய்கிறது. மறுபடி நிமிர்த்தினால் மறுபடி சாய்கிறது. வயதான வண்டிகள் இரண்டு பக்கமும் அலையும். இது ஒரே பக்கம். இடது, இடது, இடது. டயரில் காற்றைச் சரி பார்த்தார். சக்கர பேரிங்கைப் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் வண்டியைப் பள்ளத்துக்கு மேல் நிறுத்தினார்கள். ஷெட்டின் நடுவில் ஆள் இறங்கி நின்று வேலை பார்க்க வெட்டிய பள்ளம் அது. ஸ்டியரிங்கில் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே நின்று ஒவ்வொரு இணைப்பாகக் கையை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தளர்ச்சி உள்ளங்கைக்குத் தெரியும். இந்த வேலைக்கு இரண்டு ஆள் கட்டாயம் வேண்டும்.

நேர்கோடு பள்ளத்தில் இறங்கினார். மேலே வானொலி ஏறி உட்கார்ந்து தன் வருங்காலப் பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தான். அவன் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது.

“ஆட்டு.”

டக்... டக்...

“நிறுத்து.”

கையை, சக்கரத்தைத் திருப்பும் டை ராடு முனைக்கு மாற்றினார். டார்ச் மங்கியது. இரண்டு தட்டுத் தட்டினார். எரிந்தது.

“ஆட்டு.”

டக்... டக்... டக்...

நல்ல ஆட்டல். சீரான ஆட்டல். வானொலி வழக்கமாக அவசரத்தில் உலுக்குவான். இன்றைக்கு ஒரு நிதானம் இருந்தது.

“இப்பதான்டா உருப்படியா ஆட்டுற.”

பதில் இல்லை.

கோபித்துக்கொண்டானோ? நேர்கோடு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த இணைப்பு. அதற்கடுத்தது. சொன்னபோது ஆடியது. நிறுத்தென்றபோது நின்றது. ஆனால் உள்ளங்கைக்கு ஏதோ உறுத்தியது. ஆட்டினால் இடமும் வலமும் சமமாகப் போய்வர வேண்டும். இது அப்படி இல்லை. இடது பக்கம் ஓர் இழுப்பு. பிறகு தானாகத் திரும்பி வருதல். மறுபடி ஓர் இழுப்பு.

அது ஆட்டல் இல்லை. இழுப்பு.

கீச்...

மேலே சீட் ஸ்பிரிங் முனகியது. நேர்கோடு தலையை உயர்த்தினார். முனகல் ஓட்டுநர் பக்கமிருந்து வரவில்லை. இடது பக்கம். அந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் லேசாகத் தாழ்ந்திருந்தன. ஓர் ஆளின் கனம்.

“டேய், அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டா ஆட்டுற?”

பதில் இல்லை.



ஐந்து நிமிஷமாக வானொலி ஒரு சொல் பேசவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சொட்.

அவர் கன்னத்தில் ஒரு துளி விழுந்தது. ஆயில் என்று துடைத்துப் பார்த்தார். தண்ணீர். சில்லென்று, பாசி நாற்றத்தோடு.

அந்த நேரம் பார்த்து வாசல் கேட் கிரீச்சிட்டது.

“மாமா, டீ வாங்கிட்டேன். ஆறிடப் போகுது, மேல வாங்க. டீக்கடையில ஒரு விஷயம் கேள்விப்பட்டேன்...”

வானொலி வெளியிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தான்.

நேர்கோடு பள்ளத்தின் படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீ... எப்படா போன?”

“நீங்க டார்ச்சைத் தட்டிக்கிட்டு இருந்தப்பவே சொல்லிட்டுத்தானே போனேன். உங்களுக்குத்தான் நான் பேசுறது காதுல ஏறாதே.”

உண்மைதான். கடலோரம் இருப்பவனுக்குக் கடல் இரைச்சல் கேட்காது. அவன் சொல்லிவிட்டுப் போனது, பேச்சோடு பேச்சாக அவர் காதைத் தாண்டிப் போயிருக்கிறது.

மேலே ஏறி வண்டிக்குள் பார்த்தார். யாருமில்லை. வலது சீட்டில் வானொலி விரித்துவிட்டுப் போன துணி. இடது சீட்டில் ஒரு குழிவு. ஆள் உட்கார்ந்து எழுந்த குழிவு. மெல்ல மெல்ல மேலே வந்து சமமானது.

“என்ன மாமா, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல. டீயைக் குடு.”

சொல்லவில்லை. சொன்னால் அவன் ஊருக்கே ஒலிபரப்பிவிடுவான். வயிற்றுப் பிள்ளைக்காரி காதில் விழும். அப்புறம் அக்கா காதில் விழும். வாயை மூடிக்கொண்டார்.

இணைப்புகள் எல்லாம் சரியாக இருந்தன. மிச்சம் ஸ்டியரிங் பாக்ஸ்தான். அதைக் கழற்றி மேஜைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே மரை வெட்டிய ஒரு தண்டு இருக்கும். எந்த வண்டியும் அதிகம் போவது நேராகத்தான். அதனால் மரை நடுவில்தான் தேயும். ஓரங்கள் புதிது போல இருக்கும். முப்பது வருஷத் தொழிலில் இதற்கு மாறாக அவர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

இதில் நடுப்பகுதி பளபளவென்று இருந்தது. இடது பக்கம் திருப்பும் இடம் மட்டும் கிண்ணம் போலக் குழிந்திருந்தது.

சாலையில் ஓடி இப்படித் தேயாது. நிற்கிற வண்டியில் யாராவது உட்கார்ந்து இடது பக்கமே இழுத்திருக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. வருஷக்கணக்கில்.

டீச்சருக்கு போன் செய்தார்.

“டீச்சர், வண்டி நிறுத்துற இடத்துக்கு யாராவது வந்து போவாங்களா? பிள்ளைங்க ஏறி விளையாடுவாங்களா?”

“பூட்டித்தான் வைப்பேன். சாவி என்கிட்ட.”

“ஸ்டியரிங்கை யாரோ சும்மா சும்மா இழுத்த மாதிரி...”

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “ராத்திரியில சத்தம் கேட்கும். நான் எழுந்து போறதில்ல. புதுசு போட்டுடுங்க.”

லேத் பட்டறையில் கொடுத்துப் புதுத் தண்டு கடைந்து வாங்கி மாட்டினார். சக்கரக் கோணங்களை நூல் பிடித்துச் சரி செய்தார். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தனியாக எடுத்துக்கொண்டு போனார்.

வண்டி கோடு மாதிரி போனது. கையை விட்டார். போனது. அவருக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் பயந்ததை நினைத்து வெட்கமாகக்கூட இருந்தது.

டீச்சர் வீட்டுக்குப் போகிற வழியிலும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று குவாரி ரோட்டில் திருப்பினார். கல் வெட்டி வெட்டிக் கைவிட்ட பழைய குவாரி. அடியில் பச்சைத் தண்ணீர். ரோடு அதை நோக்கி நேராக இறங்கி, விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் இடது பக்கம் வளையும். அந்த இடத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. நான்கு வெள்ளைக் கற்கள்தான்.

வளைவு இன்னும் தூரத்தில் இருந்தது.

கீச்...

இடது சீட்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

ஸ்டியரிங் அவர் கைக்குள் அசைந்தது. மெதுவாக. பதற்றமாக. இடது பக்கம்... இடது பக்கம்...

அவர் தடுக்கவில்லை. எப்படியும் இடது பக்கம்தான் திரும்ப வேண்டும். வளைவு வந்தது. வண்டி வளைந்தது. அந்த நொடியில் ஸ்டியரிங் தளர்ந்தது. பக்கத்தில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

ஷெட்டுக்கு வந்து இடது சீட்டைத் தொட்டுப் பார்த்தார். நனைந்திருந்தது.

வண்டி சரியாகிவிட்டது, எடுத்துக்கொண்டு போகலாம் என்று டீச்சருக்குத் தகவல் சொன்னார். போனால் போதும் என்றிருந்தது.

பிற்பகல் மூன்று மணி. டீச்சர் வந்தார். ஏறி உட்கார்ந்தார். தன் பக்கத்துக் கண்ணாடி அடிவரை இறங்கியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தார்.

“நேரா போகுமா?”

“கோடு போட்ட மாதிரி போகும் டீச்சர்.”

“எதுக்கும் பக்கத்துல ஒரு ஆள் உட்கார்ந்து வரட்டும். சத்தம் ஏதாவது வந்தா எனக்குத் தெரியாது.” வானொலியைப் பார்த்தார். “நீ வா.”

வானொலி மாமாவைப் பார்த்தான். நேர்கோடு ஒரு கணம் தயங்கினார். தானே போயிருக்கலாம். ஆனால் அந்த வண்டியில் இன்னொரு தரம் ஏற அவருக்கு மனம் வரவில்லை. மனைவிக்குக் கொடுத்த வாக்கு? அவன் ஓட்டத்தானே கூடாது. உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

அதுதான் அந்த ஓட்டை.

“போயிட்டு வாடா. வீட்டுல விட்டுட்டு நடந்து வந்துடு.”

“டீச்சர் பக்கத்துல உட்கார்றதுன்னா எனக்கு இப்பவும் வாய்ப்பாடு மறந்துடுது மாமா.”

ஏறினான். கதவைச் சாத்தினான். கரும்பச்சை வண்டி, வளையாமல் நெளியாமல், தெருவைத் தாண்டிப் போனது.

அது போய்ப் பத்து நிமிஷம்கூட இருக்காது. தன் லாரியின் ஸ்டியரிங்கைக் காட்ட கிரேன்காரர் வந்தார். விபத்தில் மாட்டிய வண்டிகளைத் தூக்குகிறவர். இறங்கும்போதே கேட்டார்.

“இப்ப எதிர்ல வந்துச்சே பச்சை வண்டி, அது இங்கேர்ந்தா போகுது? அது இன்னும் ஓடுதா?”

“ஏன், உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுமாவா? குவாரித் தண்ணியிலேர்ந்து நான்தான்யா தூக்கினேன். பத்தொன்பது வருஷம் இருக்கும். டீச்சர் ஓட்டிட்டு வந்திருக்காங்க. வளையுற இடத்துல வளையாம நேரா உள்ள இறங்கிடுச்சு. ஸ்டியரிங் கோளாறுன்னு சொன்னாங்க. அந்தம்மா ஜன்னல் வழியா நீந்தி வந்துட்டாங்க.”

“சார்?”

“பக்கத்து சீட்ல. வெளிய வர முடியல, பாவம். அந்தப் பக்கக் கதவுக்கு உள்ள கைப்பிடி இல்ல. தண்ணியில பிய்ஞ்சு போயிருக்கும்னு விட்டுட்டாங்க.”

நேர்கோட்டின் கண்முன் இரண்டு சுத்தமான திருகுத் துளைகள் வந்து நின்றன.

“அவர் கையை ஸ்டியரிங்லேர்ந்து பிரிக்க ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு. பக்கத்து சீட்லேர்ந்து எட்டிப் பிடிச்சு, இடது பக்கமா இழுத்த வாக்குல அப்படியே...”

மீதியை அவர் கேட்கவில்லை. போனை எடுத்து வானொலிக்கு அடித்தார்.

மணி அடித்தது.

மேஜைமேல். ஸ்பானர்களுக்கு நடுவில். வானொலியின் போன் அங்கேயே கிடந்தது.

பைக்கை எடுத்தார். எப்படி ஓட்டினார் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. கோடு போட்ட மாதிரி போகும் டீச்சர். கோடு போட்ட மாதிரி போகும்.

அந்த வண்டியை நேராகப் போக வைத்தவர் அவர்தான்.

குவாரி ரோடு.

இறக்கம்.

ரோட்டில் டயர்த் தடம். நேராக. வளைவைத் தாண்டியும் நேராக. வெள்ளைக் கற்களை நோக்கி.

பிறகு... சடாரென்று இடது பக்கம்.

வண்டி ஒரு கல் குவியலில் ஏறி நின்றிருந்தது. வலது முன் சக்கரம் விளிம்புக்கு வெளியே. அந்தரத்தில். மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

டிக்... டிக்... டிக்...

கீழே பச்சைத் தண்ணீர்.

ஓடிப்போய் இடது கதவைத் திறந்தார்.

வானொலி உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. இரண்டு கையும் தூக்கியபடி காற்றில் இருந்தன, எதையும் தொடாமல். இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். தண்ணீர் வெகு கீழே கிடந்தது. அவன் மடியில் பாசி.

“டேய்...”



இழுத்து வெளியே போட்டார். கன்னத்தில் தட்டினார். மூச்சு வந்தது. பேச்சு வரவில்லை.

டீச்சர் ஓட்டுநர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கீறல் இல்லை. முடிகூடக் கலையவில்லை. முன்னால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாக இவர் பக்கம் திரும்பினார். வீட்டுப் பாடம் எழுதாத மாணவனைப் பார்க்கிற பார்வை.

“நேரா போகும்னு சொன்னீங்களே,” என்றார்.

மூன்று நாள் வானொலி வாய் திறக்கவில்லை. ஷெட் சவம் எடுத்த வீடு மாதிரி இருந்தது. நேர்கோடு மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தம்பியின் கால்களைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு துவட்டியும் ஈரம் போகவில்லை என்றாள்.

நான்காம் நாள் அவனே பேசினான். மெல்லிய குரலில்.

“நான் ஸ்டியரிங்கைத் தொடலை மாமா. என் மடியில ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். கனமா, ஈரமா. அவர் கைதான் போச்சு. காதுகிட்ட வழி சொல்லிக்கிட்டே வந்தார். இடது பக்கம்... இடது பக்கம்மா... வளைவு வருதுன்னு. கோபமாக்கூட இல்ல. கெஞ்சுற மாதிரி.”

“டீச்சர் என்ன சொன்னாங்க?”

“அவங்களுக்கும் கேட்டுச்சு மாமா. ‘சும்மா இருங்க’ன்னு சொன்னாங்க.”

போலீசுக்குப் போய் என்ன சொல்வது? வளைவில் வண்டி தடுமாறியது, யாருக்கும் அடியில்லை. அவ்வளவுதான் எழுதிக்கொள்வார்கள். கிரேன்காரர் வண்டியைத் தூக்கி டீச்சர் வீட்டில் விட்டார்.

மனசு கேட்காமல், அந்த மூன்று மெக்கானிக்குகளை நேர்கோடு விசாரித்தார். இரண்டு பேர் ஊரை விட்டே போயிருந்தார்கள். மூன்றாமவர் அடுத்த பேட்டையில் இப்போது சைக்கிள் கடை வைத்திருந்தார். பச்சை வண்டி என்றதும் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார்.

“சத்தம் கேட்கணும், பக்கத்துல உட்காருன்னு சொன்னாங்களா?”

“ஆமா.”

“என்னையும் உட்கார வச்சாங்க. எனக்கு முன்னாடி ரெண்டு பேரையும். குவாரி வந்ததும்...” கையை இடது பக்கம் வளைத்துக் காட்டினார். “மூணு தடவையும்.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாய்யா?”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

வண்டி நேராகப் போக மாட்டேன் என்கிறது. அதுதான் டீச்சரின் புகார். அது பொய்யில்லை. ஒவ்வொரு முறையும் ஒருவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு நேராகப் போகப் பார்த்திருக்கிறார். எதற்காக? இன்று வரை யாருக்கும் தெரியாது. டீச்சர் அதைப் பற்றிப் பேச மாட்டார். அந்த மனிதர் இவர்களைக் காப்பாற்றினாரா, இல்லை பத்தொன்பது வருஷமாகத் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறாரா? அதுவும் தெரியாது.

வானொலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. எல்லாம் முடிந்தது என்று நேர்கோடு நினைத்தார்.

போன மாதம் ஒரு போன். தெரியாத எண். வெளியூர்க் குரல், சின்ன வயசு.

“அண்ணே, உங்களைத்தானே நேர்கோடுன்னு சொல்வாங்க? நானும் மெக்கானிக்தான். ஒரு சந்தேகம். ஒரு பழைய வண்டி வந்திருக்கு. ஒரு வயசான டீச்சரம்மா லாரியில ஏத்தி அனுப்பியிருக்காங்க. இடது பக்கமே இழுக்குது. ஸ்டியரிங் பாக்ஸ்ல தண்டு புதுசாத்தான் இருக்கு, ஆனா இடது பக்கம் மட்டும் குழிஞ்சு போயிருக்கு. அப்படித் தேயுமாண்ணே?”

அந்தத் தண்டு மாட்டி முழுசாக இருபது கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

“தம்பி, நான் சொல்றதைக் கேளு. அந்த வண்டியை விட்டு வெளிய வா.”

“இருங்கண்ணே, பள்ளத்துல நிக்கிறேன். என் ஆள் மேல உட்கார்ந்து ஆட்டிக்கிட்டிருக்கான். நல்லாத்தான் ஆட்டுறான்...”

டக்... டக்... டக்...

போனில் நன்றாகவே கேட்டது.

பிறகு எங்கோ ஒரு கதவு திறந்தது. அந்தப் பையன் திரும்பிக் கேட்டான், குரல் மாறியிருந்தது.

“டேய்... நீ எப்படா வெளிய போன?”